மான்செஸ்டரில் ஓட்டல் அறை புக் செய்கிறவர்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

பிள்ளைகளின் பட்டமளிப்புக்கு ஊரிலிருந்து வரும் பெற்றோரும், மேட்ச் பார்க்க வருகிறவர்களும் மான்செஸ்டரில் ஓட்டல் விஷயத்தில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள்.

முதல் ஏமாற்று முகவரியில். பெயரில் 'மான்செஸ்டர்' இருக்கும், படத்தில் நகர மையத்துக் காசில்ஃபீல்டு கால்வாய் இருக்கும். வந்து இறங்கினால் விமான நிலையத்துப் பக்கம், நகர மையத்துக்குத் தெற்கே சுமார் 14 கிலோமீட்டரில் அறை. அங்கிருந்து நகர மையத்திலுள்ள டீன்ஸ்கேட்டுக்கு டிராமில் முக்கால் மணி நேரம் போய்விடும். அதனால் போஸ்ட்கோடைப் பாருங்கள். எம்90 என்றால் விமான நிலையம், எம்17 என்றால் டிராஃபோர்டு பார்க், எம்50 என்றால் சால்ஃபோர்டு கீஸ். நகர மையத்துக்கு ஓர் அடையாளம் வேண்டுமென்றால், 1830இல் லிவர்பூல் ரயில் புறப்பட்ட பழைய ஸ்டேஷன் அறிவியல் தொழில் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. அதன் போஸ்ட்கோடு எம்3 4எஃப்பி. ஓட்டலிலிருந்து அங்கே நடக்க எத்தனை நிமிடம் என்று வரைபடத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், விளம்பரம் சொல்லும் நிமிடத்தை நம்ப வேண்டாம். 'ஓல்டு டிராஃபோர்டு அருகில்' என்றால் எது என்று கேளுங்கள். கால்பந்து மைதானத்துக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் ஒரே பெயர். அந்தப் பெயருள்ள டிராம் நிறுத்தம் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியது.

அடுத்தது அறை. நகர மையத்து ஓட்டல்கள் பல 19ஆம் நூற்றாண்டுப் பருத்தித் துணிக் கிடங்குகள். அகலமான கட்டடம், ஜன்னலோ வெளிச்சுவரில் மட்டும். அதை அறைகளாகத் தடுக்கும்போது நடுவில் விழும் அறைக்கு ஜன்னல் கிடைக்காது. மலிவாகத் தெரியும் ரேட் பெரும்பாலும் அந்த அறைக்குத்தான், 'ஜன்னல் இல்லை' என்ற வரி விவரத்தின் கடைசியில் ஒளிந்திருக்கும். வயதான அம்மா அப்பாவை அதில் மூன்று இரவு அடைத்து வைப்பது கொடுமை. ஜூலையில் வருகிறவர்கள் ஏசி உண்டா என்றும் கேட்க வேண்டும். டீன்ஸ்கேட், காசில்ஃபீல்டு பக்கம் ரயில் மேம்பாலங்கள் கட்டடங்களை உரசிக்கொண்டு போகின்றன. பாலத்துக்கு எதிர்ப்பக்க அறை வேண்டும் என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

இப்போது பணம். 2023 ஏப்ரல் 1 முதல் நகர மையத்தில் பார்வையாளர் கட்டணம் என ஒன்று உண்டு. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 1 பவுண்டு, அதன்மேல் வாட் வரி, ஆக 1.20 பவுண்டு. ஆள் கணக்கு கிடையாது. நான்கு பேருக்குத் தனித்தனியாகப் போட்டிருந்தால் அங்கேயே பில்லைத் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள். கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதல் பிரிட்டனில் சட்டம். கவுண்டரில் புதிதாக முளைக்கும் 'சர்வீஸ்', 'கிளீனிங்' தொகைகளுக்கு இதைச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, புக்கிங் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வரும் மோசடி. ஓட்டலின் கணக்கைத் திருடியவர்கள் உங்கள் பெயர், தேதி எல்லாம் சரியாகச் சொல்லி, 'கார்டைச் சரிபார்க்காவிட்டால் 12 மணி நேரத்தில் புக்கிங் ரத்து' என்று ஒரு லிங்க் அனுப்புவார்கள். தேதி சரியாக இருப்பதாலேயே படித்தவர்களும் விழுகிறார்கள். லிங்கைத் தொடாதீர்கள். ஓட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிடுங்கள்.

வரவேற்பாளர் இல்லாத அப்பார்ட்மெண்ட் ஓட்டல்கள் டெபாசிட்டாக ஒரு தொகையை கார்டில் முடக்கி வைக்கும். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால், விடுவிக்கும் வரை அந்தக் காசு செலவுக்குக் கிடைக்காது. கிரெடிட் கார்டு கொடுங்கள். மெஷின் 'ரூபாயா, பவுண்டா' என்று கேட்டால் பவுண்டு. ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும்.

காரில் வருகிறவர்களுக்கு: 'பார்க்கிங் அருகில்' என்பது பெரும்பாலும் ஓட்டலுக்குச் சொந்தமில்லாத கேமரா வைத்த இடம். பணம் கட்டும் மெஷினில் வண்டி எண்ணைத் தப்பாக அடித்தாலும் 100 பவுண்டு வரை நோட்டீஸ் வரும். ரசீதைப் படமெடுத்து வையுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். குறை இருந்தால் அன்றிரவே புக்கிங் தளம் வழியாக எழுத்தில் அனுப்புங்கள். பிறகு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த நேரமுத்திரை உள்ள செய்தியைத்தான்.