பீனோவா, ஹார்ட் ரோடா?

இங்கிலாந்துப் பாடகர் ஜான் மேயாலின் எல்பி (வைனல் இசைத்தட்டு) ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், எதை வாங்குவது என்று யாராவது கேட்டால், பிரிட்டிஷ் ப்ளூஸ் கேட்கிறவர்களிடமிருந்து யோசிக்காமல் ஒரே பதில்தான் வரும்: பீனோ ஆல்பம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். என் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் டெக்கா நிறுவனத்தின் இரண்டு தட்டுகளில், எடுத்து எடுத்து வைத்து உறை நைந்துபோனது எது என்று பார்த்தால், அடுத்ததாக வந்த 'எ ஹார்ட் ரோடு'தான்.

இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஏழு மாதம்தான் இடைவெளி. 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' என்ற பெயரோடு கிட்டார் வாசித்த எரிக் கிளாப்டன் பெயரையும் சேர்த்துத் தாங்கிய முதல் தட்டு, அதாவது பீனோ, 1966 ஜூலை 22 அன்று வந்தது. 'எ ஹார்ட் ரோடு' 1967 பிப்ரவரியில் வந்தது. இரண்டும் லண்டன் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த டெக்கா ஸ்டூடியோவில் பதிவானவை. தயாரிப்பாளர் இரண்டிலும் மைக் வெர்னன். ஒலிப்பதிவு செய்தவர் இரண்டிலும் கஸ் டட்ஜன். பின்னாளில் எல்டன் ஜானின் பெரிய ஆல்பங்களைத் தயாரித்த அதே ஆள். குரல், ஆர்கன், பியானோ, ஹார்மோனிகா எல்லாம் மேயால். பாஸ் ஜான் மெக்வீ. பாடல் பட்டியலின் சேர்மானம்கூட ஒன்றுதான்: சிகாகோ பக்கத்துப் பழைய ப்ளூஸ் கொஞ்சம், மேயாலின் சொந்தச் சரக்கு கொஞ்சம், சில இடங்களில் சாக்ஸபோன். மாறியது கிட்டாரும் டிரம்ஸும்தான்: கிட்டாரில் கிளாப்டன் இருந்த இடத்தில் பீட்டர் கிரீன். அடுப்பும் பாத்திரமும் அதேதான், கை மட்டும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் பெரியவர். கிளாப்டனுக்கு அப்போது 21 வயது. யார்ட்பேர்ட்ஸ் குழு பாப் பக்கம் சாய்கிறது என்று 1965இல் அதை விட்டு வெளியேறி மேயாலிடம் வந்தவர். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார்காரர் ஃப்ரெடி கிங்கின் ஒரு ஆல்பம் உறையில் அவர் கையில் லெஸ் பால் கிட்டார் இருப்பதைப் பார்த்து, அதே வகையைத் தேடி வாங்கினார். கிப்சன் நிறுவனம் அந்தப் பழைய வடிவத்தை அப்போது செய்வதையே நிறுத்தியிருந்தது. அதை 45 வாட் மார்ஷல் காம்போ ஆம்பில் (ஒலிபெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) சொருகி, மேடையில் எவ்வளவு சத்தம் வைப்பாரோ அவ்வளவு சத்தத்தை ஸ்டூடியோவிலும் வைத்தார். குறைக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். அன்றைய ஒலிப்பதிவு வழக்கப்படி கிட்டார் சத்தம் அடக்கமாக இருக்க வேண்டும், மைக் பக்கத்தில் இருக்க வேண்டும். இவரோ ஆம்பை வால்வுகள் திணறும் வரை ஏற்றிவிட்டு, அந்தத் திணறலையே வாத்தியமாக்கினார். நீண்டு நிற்கும் ஸ்வரம், ஓரத்தில் லேசான கரகரப்பு, நடுவில் தேன் மாதிரி ஒரு கெட்டித்தன்மை. இன்றைக்கு ராக் கிட்டார் என்றாலே காதில் வரும் சத்தத்துக்கு இதுதான் ஒரு பெரிய தொடக்கம். கிப்சன் 1968இல் லெஸ் பாலை மறுபடி செய்ய ஆரம்பித்ததில் இந்தத் தட்டுக்கும் பங்கு உண்டு.

உறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நால்வரும் ஒரு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவர் கேமராவைப் பார்க்கிறார்கள், கிளாப்டன் 'பீனோ' என்ற சிறுவர் படக்கதைப் பத்திரிகையில் மூழ்கியிருக்கிறார். படம் எடுத்துக்கொள்வது அவருக்கு எரிச்சல். அந்த முரண்டு ஆல்பத்துக்குச் செல்லப்பெயராகிவிட்டது. 'எ ஹார்ட் ரோடு' உறையை மேயாலே தீட்டினார். இசைக்கு முன் அவருக்கு வரைகலைதான் தொழில். ஓவியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் தட்டுகளைப் புரட்டும்போது கையை நிறுத்துவது பீனோ. அந்தப் போட்டியில் பேச்சே இல்லை.

சரி, ஊசியை வைப்போம்.

இரண்டு தட்டிலும் ஃப்ரெடி கிங்கின் வாத்திய இசைத் துண்டு ஒன்று இருக்கிறது. பீனோவில் 'ஹைட்அவே', ஹார்ட் ரோடில் 'தி ஸ்டம்பிள்'. ஒரே குருவின் இரண்டு கீர்த்தனைகளை இரண்டு சீடர்கள் வாசிப்பது போல. கிளாப்டன் 'ஹைட்அவே'யை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியையும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பது போல இருக்கும்: பார்த்தாயா, இது எப்படி? பந்தயக் குதிரை மாதிரி பாய்ச்சல், அதில் ஒரு இளமைத் திமிர். முதல் தடவை கேட்டபோது திரும்பத் திரும்ப அதையே வைத்தேன். பீட்டர் கிரீனின் 'தி ஸ்டம்பிள்' வேகத்தில் அதற்குக் குறைந்ததல்ல. ஆனால் அவர் வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு விடுகிறார். அந்த இடைவெளியில் மெக்வீயின் பாஸ் கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது. கிளாப்டன் வாசிக்கும்போது மெக்வீ என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குப் பத்தாவது தடவையில்தான் தெரிந்தது.

மெதுவான ப்ளூஸில் நிலைமை தலைகீழ். பீனோவின் 'ஹாவ் யூ ஹெர்ட்' ஆறு நிமிடத்துக்குச் சற்றே குறைவு. சாக்ஸபோன் சோம்பலாக ஆரம்பித்து வைக்க, மேயால் புலம்ப, நடுவில் கிளாப்டன் உள்ளே நுழையும் இடம் இருக்கிறதே, கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை, உடைத்துக்கொண்டு வருகிறார். அந்த முதல் சில விநாடிகளுக்காக மட்டுமே தட்டை வாங்கலாம். கிரீனின் தட்டில் இதற்கு நேராக வைக்கத் தகுந்தது 'சம்டே ஆஃப்டர் எ வைல்'. அதுவும் ஃப்ரெடி கிங் பாடியதுதான். அழகான வாசிப்பு, அளவான சோகம். ஆனால் அந்தக் கதவு உடைவதில்லை. இந்தச் சுற்று கிளாப்டனுக்கு.

பாடுவதில் இருவருக்கும் கன்னி முயற்சிகள். ராபர்ட் ஜான்சனின் 'ராம்ப்ளிங் ஆன் மை மைண்ட்' பாட்டில்தான் கிளாப்டன் தனிக்குரலாக முதன்முதலில் பதிவானார். பக்கத்தில் மேயாலின் பியானோ மட்டும். கூச்சம் குரலில் அப்படியே தெரியும். அந்தக் கூச்சமே அதன் அழகு என்பார்கள். நான் அரைமனதோடு ஒத்துக்கொள்கிறேன். கிரீன் 'யூ டோண்ட் லவ் மீ' பாட்டிலும், சொந்தமாக எழுதிய 'தி சேம் வே' பாட்டிலும் பாடுகிறார். அவர் குரலில் கூச்சம் இல்லை, ஒரு களைப்பு இருக்கிறது. கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனில் பிறந்த பையன், பதிவு நடந்த அந்த அக்டோபரில்தான் 20 வயதைத் தொட்டவன். இவ்வளவு களைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும்.

கிரீன் வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1965இல் கிளாப்டன் நண்பர்களோடு கிரேக்க நாட்டுக்குக் கிளம்பிப் போனபோது சில நாள் அந்த இடத்தை நிரப்பியவர் இவர்தான். கிளாப்டன் திரும்பியதும் வெளியே அனுப்பப்பட்டார். அடுத்த வருடம் கிளாப்டன் 'கிரீம்' குழுவுக்குப் போய்விட்டார். பீனோ கடைக்கு வந்தபோது அதில் வாசித்த நாயகன் மேயாலோடு இல்லை. ஸ்டூடியோவுக்குள் வேறு யாருடைய ஆம்போ வருவதைப் பார்த்து மைக் வெர்னன் பதறிக் கேட்டதாகவும், இவன் அவனைவிட நன்றாக வாசிப்பான் என்று மேயால் அலட்டிக்கொள்ளாமல் சொன்னதாகவும் வெர்னனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லண்டன் சுவர்களில் கிளாப்டனே கடவுள் என்று கிறுக்கி வைத்திருந்த காலம் அது. அந்த நாற்காலியில் உட்கார ஒரு தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியத்துக்குச் சாட்சி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. 'தி சூப்பர்நேச்சுரல்', மூன்று நிமிடம்கூட இல்லாத வாத்திய இசை, கிரீன் எழுதியது. எதிரொலி சொட்டச் சொட்ட ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, ஃபீட்பேக்கில் (ஆம்பின் சத்தமே கிட்டார் தந்தியைத் திரும்ப அதிரவைப்பது) மிதக்கவிட்டு, அடுத்ததற்குப் போக அவசரமே படாமல் நிற்கிறார். வேகம் காட்டுகிற வேலையே கிடையாது. அறை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் முதுகுத்தண்டில் ஏதோ ஊரும். இரண்டு வருடத்துக்குள் ஃப்ளீட்வுட் மேக் குழுவில் அவர் எழுதி, பிறகு சந்தானா உலகம் முழுக்கக் கொண்டுபோன 'பிளாக் மேஜிக் வுமன்' பாட்டின் விதை இங்கே இருக்கிறது என்று கேட்கிற யாருக்கும் தெரியும். பீனோவில் கிளாப்டன் வாசித்த எல்லாமே சிகாகோவுக்கும் டெக்ஸாஸுக்கும் கடன்பட்டது. கடனை வட்டியோடு தீர்த்தார், அது வேறு. 'தி சூப்பர்நேச்சுரல்' யாருக்கும் கடன்படவில்லை.

டிரம்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. பீனோவில் ஹியூயி ஃப்ளின்ட்: நிதானம், ஜாஸ் வாசம், கூட்டத்தில் ஒருவர். ரே சார்ல்ஸின் 'வாட்ட் ஐ சே' பாட்டில் அவருக்கு ஒரு தனி ஆவர்த்தனம் கொடுத்திருக்கிறார்கள். நேரில் கைதட்டல் வாங்கியிருக்கும், தட்டில் எழுந்து போய்க் காபி போடத்தான் உதவுகிறது. அது முடிந்ததும் பீட்டில்ஸின் 'டே ட்ரிப்பர்' துணுக்கை கிளாப்டன் சொருகுகிறார். அதற்குள் காபியோடு திரும்பிவிட வேண்டும். ஹார்ட் ரோடில் ஐன்ஸ்லி டன்பர். முறுக்கிய கம்பி மாதிரி வாசிப்பு. இவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, குழு என்ற வகையில் இரண்டாவது தட்டு பலசாலி.

மேயால் எழுதிய பாடல்களில் இரண்டும் ஏற்ற இறக்கம்தான். பீனோவில் 'லிட்டில் கேர்ள்', 'கீ டு லவ்' இரண்டும் பளிச். 'டபுள் கிராஸிங் டைம்' என்பது, கொஞ்ச நாள் பாஸ் வாசித்துவிட்டு மான்ஃப்ரெட் மான் குழுவுக்குத் தாவிய ஜாக் புரூஸைக் குத்திக் கிளாப்டனோடு சேர்ந்து எழுதியது. (அதே புரூஸோடுதான் கிளாப்டன் அடுத்து 'கிரீம்' தொடங்கினார். கோபம் எவ்வளவு நாள் நின்றது பாருங்கள்.) ஹார்ட் ரோடில் 14 பாட்டு, பாதிக்கு மேல் மேயாலுடையவை, அதில் இரண்டு மூன்றை எடுத்திருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். பெயர்ப் பாட்டு மட்டும் உயரத்தில் நிற்கிறது.

இனி வைனலாக வாங்குகிறவர்களுக்கு. பீனோவை வாங்கினால் மோனோவில் வாங்குங்கள். 1966இல் இங்கிலாந்தில் வந்தது மோனோ மட்டும்தான், எண் எல்கே 4804. ஸ்டீரியோ, எஸ்கேஎல் என்ற எழுத்துகளோடு, அங்கே 1969இல்தான் வந்தது. மோனோவில் கிட்டாரும் டிரம்ஸும் ஆர்கனும் ஒரே கட்டியாக இறுகி நெஞ்சில் வந்து இடிக்கும். ஸ்டீரியோ அந்தக் கட்டியை உடைத்து இரண்டு பக்கமும் பரப்பி வைக்கிறது. யார் என்ன வாசிக்கிறார் என்று படிக்க நல்லது, அடி வாங்க நல்லதல்ல. ஹார்ட் ரோடு இரண்டு வடிவிலும் 1967இலேயே வந்தது, எல்கே 4853, எஸ்கேஎல் 4853. அதற்கு ஸ்டீரியோவே எனக்குப் பிடிக்கும்; 'தி சூப்பர்நேச்சுரல்' எதிரொலிக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

பழைய பிரதி என்றால் உறையை நம்பாதீர்கள், தட்டை மாற்றிப் போட்டிருப்பார்கள். லேபிளைச் சுற்றி இருக்கும் வெற்று வளையத்தில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். டெக்காவில் ஏஆர்எல் என்று தொடங்கினால் மோனோ, இஸட்ஏஎல் என்றால் ஸ்டீரியோ. தேய்மானத்தையும் பாருங்கள். இவை அறுபதுகளின் பையன்கள் பாட்டைப் படி எடுக்க ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்த தட்டுகள். பீனோவில் பாவம் 'ஹைட்அவே'தான் அதிகம் அடி வாங்கியிருக்கும். முதல் அச்சு நல்ல நிலையில் வேண்டுமென்றால் பீனோ பர்ஸைக் காலி செய்யும்.

மூன்றாவதாக மிக் டெய்லர் வாசித்த 'குரூஸேட்' இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதே 1967இல், பதினெட்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு ஒரே நாளில் பதிவு செய்தார்கள். அவசரம் தெரிகிறது. டெய்லர் ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் போன பிறகு இதைவிட நன்றாக வாசித்தார்.

கிட்டார்களின் கதை தனி. பீனோவில் கேட்கும் லெஸ் பால் 'கிரீம்' ஒத்திகையின்போது திருடு போனது. அதற்குப் பின் அது என்னவாயிற்று என்பது பெரிய மர்மம். கிரீனின் லெஸ் பால் இன்னொரு கிட்டார்காரர் கேரி மூரிடம் போய், கடைசியில் மெட்டாலிக்காவின் கிர்க் ஹாம்மெட்டிடம் சேர்ந்து இன்னும் மேடையேறுகிறது. கிரீன் 2020இல் போனார். மேயால் 2024இல் தன் 90ஆவது வயதில் போனார். தேதி ஜூலை 22, பீனோ வெளியான அதே நாள்.

கிட்டார் கற்றுக்கொள்கிறீர்களா, பீனோ. ராக் கிட்டார் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமா, அப்போதும் பீனோ. இரவு பத்து மணிக்கு மேல் கேட்க ஒரு தட்டு வேண்டும் என்றால் ஹார்ட் ரோடு, அதுவும் நேராக இரண்டாம் பக்கம்.

எனக்கு இது வந்ததே ஒரு தகராறில்தான். பீனோ மோனோ முதல் அச்சு என்று சொல்லி ஒரு விற்பனையாளர் இணையத்தில் போட்டிருந்தார். உறை சரியான மோனோ உறை. உள்ளே இருந்தது இஸட்ஏஎல். வளையத்தைப் படம் எடுத்து அனுப்பி, பத்து நாள் மல்லுக்கட்டி, பாதிப் பணம் திரும்ப வாங்கினேன். அந்தக் காசில்தான் 'எ ஹார்ட் ரோடு' வாங்கினேன்.