விமான நிலையக் கடைகளுக்கான ஆங்கிலப் பாடம்: ஒரு மதிப்பீடு

விமான நிலையத்தில் பொருள் வாங்கவும் உணவின் விலையைக் கேட்டறியவும் தேவையான ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தரும் இந்த ஒலிவழிப் பாடத்தில் என்னை மிகவும் கவர்ந்தது, சொற்களை வரிசையாக அடுக்காமல், காசாளரும் பயணியும் பேசும் உரையாடலுக்குள்ளேயே வைத்துத் தந்திருக்கும் முறைதான். ‘ஹவ் மச் இஸ் திஸ்?’ என்று கேட்பதோடு பாடம் நின்றுவிடவில்லை. விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, உணவை அங்கேயே சாப்பிடுவதா, எடுத்துச் செல்வதா என்பன போன்ற கேள்விகளையும் இயல்பான வேகத்தில் ஒலிக்கச் செய்கிறது. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் காதால் பிரித்தறியும் பயிற்சி மிக அருமை. முதலாவதில் அழுத்தம் பின்னசையிலும் இரண்டாவதில் முன்னசையிலும் விழுவதைப் பலமுறை கேட்கவைத்தே மனத்தில் பதியச் செய்கிறார்கள். விலை கேட்கும் இடத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

1947-இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் தொடங்கிய ‘ட்யூட்டி ஃப்ரீ’ (சுங்கவரி இல்லாத) கடையைப் பற்றிய பகுதி சுவையானது. ஆனால், அத்தகைய கடைகளில் வாங்கும் வாசனைத் திரவியத்தை முத்திரையிட்ட பையில் ஏன் தருகிறார்கள், பயணத்தின் இறுதி இடத்தை அடையும்வரை அதை ஏன் பிரிக்கக் கூடாது என்பதை விளக்கும் உரையாடல் இல்லாதது பெருங்குறை. உணவுப் பட்டியல் பகுதி பரவாயில்லை. பயணத்துக்கு முன் அவகாசம் குறைவாக இருப்பவர்கள் எண்கள் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.