ஹட்டன்ல நடக்குற இலவச சட்ட வகுப்பு: போராட்டத்துக்குப் போறவங்க கட்டாயம் போங்க

நம்ம மலையகத் தோட்டங்கள்ல சம்பளத்துக்கோ காணிக்கோ ரோட்ல எறங்குற யாரா இருந்தாலும் இந்த வகுப்புக்கு ஒரு தடவ போய்ட்டு வாங்க. டவுன்ல ஒரு ஹோல்ல வச்சு சில சட்டத்தரணிங்க சேந்து நடத்துறாங்க, காசு எடுக்கல, பகல் சாப்பாடும் இருந்துச்சு, எல்லாம் தமிழ்லதான்.

தொடக்கத்துல பழைய கதைய சுருக்கமா சொன்னாங்க. 1940 ஜனவரியில முல்லோயா தோட்டத்துல தொழிலாளி கோவிந்தன், 1977 மே மாசம் டெவன் தோட்டத்துல தோட்டக் காணிய எடுக்குறத எதுத்து நின்ன சிவனு லெட்சுமணன், ரெண்டு பேருமே பொலிஸ் சூட்டுலதான் செத்தாங்க. நம்ம புள்ளைங்கள்ல எத்தன பேருக்கு இந்தப் பேரு தெரியும்? சிங்கள ஊரான ரம்புக்கனையையும் சேத்து சொன்னது எனக்குப் பிடிச்சது, 2022 ஏப்ரல் 19 அங்க பெட்ரோல் எண்ணெய்க்காக ரோட்டுக்கு வந்த சனத்து மேலயும் சுட்டு ஒருத்தர் செத்தாரு, அதனால துப்பாக்கி நம்மள மட்டும்தான் தேடி வருதுன்னு இல்ல. ஆனா அடி வாங்குனதுக்கு அப்புறம் நடக்குறதுதான் நமக்கு வேற மாதிரி. ஸ்டேஷனுக்குப் போனா வாக்குமூலத்த சிங்களத்துல எழுதி சைன் வைக்கச் சொல்லுவாங்க, என்ன எழுதியிருக்குன்னே தெரியாம வச்சுட்டு வந்தவங்க நம்ம தோட்ட லயத்து வீடுகள்லயே இருக்காங்க. அத தமிழ்ல எடுக்கச் சொல்லிக் கேக்கலாம், வாசிச்சுக் காட்டாம சைன் வைக்க வேணாம்னு ஒரு ஆள பொலிஸ் மாதிரி ஒக்கார வச்சு பழக்கியே காட்டுனாங்க. அந்தப் பகுதிக்கே போன பஸ் காசு சரி.

பெறகு ஊர்வலம். ஒரு தோட்டத் தலைவர் எந்திரிச்சு, "மகள், ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. பர்மிஷன் தரலன்னா என்ன செய்றது?"ன்னு கேட்டாரு. அந்த லோயரக்கா, "ஐயா, பொலிஸ் கட்டளைச் சட்டம் 77ஆவது பிரிவுப்படி ஊர்வலத்துக்கு 6 மணித்தியாலத்துக்கு முந்தி ஸ்டேஷனுக்கு அறிவிக்கணும், அவ்வளவுதான். தடை போடணும்னா உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் (ஏ.எஸ்.பி.) அல்லது அதுக்கு மேல உள்ளவர்தான் போடலாம்"னு நிதானமா வெளங்கப்படுத்துனாங்க. அமைதியா கூடுறது அரசியலமைப்பு 14(1)(ஆ)ல ஒவ்வொரு பிரஜைக்கும் உள்ள உரிமை. 1948ல பிரஜாவுரிமைய பறிகுடுத்து, 2003 சட்டம் வர்ற வரைக்கும் நாடில்லாம ஆளுங்க இருந்த சமூகம் நம்மளுது, அதான் உரிமைன்னு கேக்கவே இன்னும் தொண்டை அடைக்குதுன்னு நெனைக்கிறேன்.

எல்லாத்துலயும் முக்கியம் ஒரு மாசக் கணக்கு. பொலிஸ் அடிச்சா, சும்மா புடிச்சு வச்சா, அரசியலமைப்பு 126ஆவது உறுப்புரைல உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்) போக ஒரே மாசம்தான் டைம். நம்ம பக்கம் என்ன நடக்கும், தலைவர் பேசி முடிப்பாரு, தோட்ட மேனேஜர் தொர பேசுவாருன்னு காத்துக்கிட்டு இருக்கும்போதே மாசம் ஓடிரும். அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போட்டுட்டா, அங்க விசாரணை நடக்குற காலம் அந்தக் கணக்குல சேராது, ஆணைக்குழுவோட ஃபோன் நம்பர் 1996. அதோட ஆஸ்பத்திரியில டொக்டர்ட்ட பயந்துக்கிட்டு "வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லக்கூடாது, யார் அடிச்சதுன்னு சொல்லி எழுத வைக்கணும், இல்லன்னா பெறகு கேஸ் நிக்காது. சித்திரவதைக்கு 1994ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டத்துல குறைஞ்சது 7 வருஷம் செறைன்னு அங்கதான் மொதத் தடவையா கேள்விப்பட்டேன்.

கைநூல் ஒன்னு குடுக்குறாங்க, ஒரு பக்கம் தமிழ், எதிர்ப் பக்கம் சிங்களம். இது ரொம்ப யோசிச்சு செஞ்ச வேலை, தமிழ் வாசிக்கத் தெரியாத பொலிஸ்காரருக்கு அதே வரிய அவரோட பாஷைலயே காட்டலாம். எழுத்துதான் பொடிசு, தமிழும் நீதிமன்றத்துல எழுதுற தமிழா இருக்கு, எங்கம்மா மாதிரி ஆளுங்க வாசிக்கிறது கஷ்டம்.

பெரிய கொறை, வேலை நாள்ல வச்சது. கொழுந்து எடுக்குறவங்க ஒரு நாள் வந்தா அந்த நாள் பேரு (நாள் சம்பளம்) போயிரும், அரைப்பேரும் (அரை நாள் சம்பளம்) கெடைக்காது. ரோட்ட மறிச்சு முன்னுக்கு நிக்கிறது அந்தப் பொம்பளைங்கதான், ஹோல்ல இருந்ததோ பாதிக்கு மேல டீச்சர்மார், ஏஎல் முடிச்ச புள்ளைங்க. பொம்பளைங்கள பொம்பளப் பொலிஸ்தான் சோதிக்கணும்ங்கிறத கடைசியில ரெண்டு வரில சொல்லிட்டு விட்டாங்க, அதுக்கே ஒரு மணித்தியாலம் வேணும்.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். அடுத்தத ஞாயித்துக்கெழமைல, தோட்டத்துக்குள்ளயே, கொழுந்து நிறுக்குற மடுவத்துல வைங்கன்னு எழுதிக் குடுத்துட்டுதான் வந்தேன், நீங்களும் போனா அதையே கேளுங்க, ரெண்டு மூனு தோட்டத்துல இருந்து கேட்டா வருவோம்னு சொல்லியிருக்காங்க.