கிலோ 540 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கினேன்

தீபாவளிப் பலகாரத்துக்கு நெய் காய்ச்சலாம் என்று 11 கிலோ வெண்ணெய் வாங்கினேன். கிலோ 540 ரூபாய். வாசலுக்கே கொண்டுவந்து தருகிற வியாபாரி, "அசல் ஊத்துக்குளி வெண்ணெய்ங்க அக்கா" என்றார். ஊத்துக்குளி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது அந்த ஊர் வெண்ணெய்தானா என்பதே இப்போது சந்தேகம். கட்டி ஒவ்வொன்றும் கல் மாதிரி உறைந்திருந்தது. கெட்டுப்போகாமல் ஃப்ரீசரில் வைத்திருக்கிறாரே, நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

முதலில் கண்டுபிடித்தது என் மாமியார்தான். அடுப்படிக்குக்கூட வரவில்லை. ஹாலில் இருந்தபடியே, "ஏங்கண்ணு, இன்னும் சடசடப்பு அடங்கலையா?" என்றார். தண்ணீர் கொதித்து ஆவியாகிற சத்தம் அது. அது அடங்கி, நுரை தெளிந்து, அடியில் கசடு சிவந்தால் முருங்கைக்கீரையைப் போட்டு இறக்குவோம். அன்று உருவி வைத்த கீரை தட்டிலேயே வாடிப்போனது.

10 கிலோ காய்ச்சி, வடிகட்டி நிறுத்தால் 6 கிலோ 200 கிராம் நெய். உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல் வெண்ணெயில் குறைந்தது 76 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். கசடில் ஒட்டுவது போனாலும் ஏழரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வந்திருக்கணும்.

வியாபாரிக்குப் போன் செய்தேன். "மழைக்காலமுங்க, மாடு பச்சைப்புல் திங்குது, வெண்ணெய் இளக்கமாத்தான் இருக்கும். நீங்க பக்குவம் தப்பிட்டீங்களாட்ட இருக்குது" என்றார். பக்குவமாம்!

மிச்சமிருந்த ஒரு கிலோவில்தான் சோதனை செய்தேன். கொஞ்சம் உயரமான சின்னப் பாத்திரத்தைக் காயவைத்து எடை பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சரியாக 100 கிராம் வெண்ணெய் போட்டு, சிறு தீயில் உருக்குங்கள். அடிக்கடி சுழற்றிவிட வேண்டும். வெளியே தெறித்தால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். சத்தம் நின்று கசடு லேசாகச் சிவந்ததும் அணைத்துவிடுங்கள், கருக விடாதீர்கள். ஆறியபின் கசடோடு சேர்த்தே நிறுங்கள். எத்தனை கிராம் குறைகிறதோ, அத்தனை சதவீதம் தண்ணீர். எனக்கு முதல் தடவை 33, மறு தடவை 32. என் தராசு மேலேயே சந்தேகம் வந்து, பாக்கெட் டேபிள் பட்டர் ஒன்றையும் அதே மாதிரி உருக்கினேன். 15 கிராம்தான் குறைந்தது. டேபிள் பட்டரில் தண்ணீருக்கு 16 சதவீதம்தான் உச்ச வரம்பு. அப்புறம் தராசை எப்படிக் குறை சொல்வது?

மோர் சரியாகப் பிரியாத வெண்ணெயை வெட்டினால் முத்து முத்தாக நீர் கசியும், கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் இளகிய வெண்ணெயில் தண்ணீரைச் சேர்த்து நன்றாகப் பிசைந்தால், அது நுண்துளிகளாக உள்ளேயே தங்கிவிடும். அதை உறையவும் வைத்துவிட்டால் கசிவதற்கு வழியே இல்லை. அந்தக் கல் கட்டிகளின் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைந்த கட்டியைக் கொடுத்தால், ஒரு துண்டை இளகவிட்டு மரக்கரண்டியால் அழுத்தி, நீர் கசிகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முதலில் கால் கிலோ மட்டும் வாங்கிச் சோதிப்பது இன்னும் நல்லது.

பில்லும் வாங்கி வையுங்கள். நான் வாங்கவில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். தரம் குறைவு என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்று யார் அப்படிச் சொல்வார்கள்?

கணக்கோடு மறுபடி பேசியதும் ஆள் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரிங்க அக்கா, அடுத்த வாட்டி அரைக் கிலோ சேர்த்துத் தர்றேன்" என்றார். அந்த அரைக் கிலோவில் 160 கிராம் தண்ணீர் இருக்குமே என்றேன். போனை வைத்துவிட்டார்.