15 அங்குலப் பெட்டிக்கு எந்த ட்வீட்டர்: புல்லட்டா, ஹார்னா, பீசோவா?

ரங்கூனில் எங்கள் பகுதிக் கோயிலுக்குப் புதிதாக இரண்டு பெட்டி கட்டுவது என்று முடிவானது. ஒவ்வொன்றிலும் ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். அதுவரை எல்லாரும் ஒரே பேச்சுத்தான். மேல் சத்தத்துக்கான ட்வீட்டராக எதைப் போடுவது என்றதும் ஆளுக்கொரு யோசனை வந்தது. இளைஞர் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் கடையில் பார்த்ததையெல்லாம் போனில் படம் எடுத்து வந்து, "அண்ணே, இதுல எது ரொம்ப சத்தமா கேக்கும்?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: எது எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து பாட ஆரம்பிக்கும்? 20 வருடமாகப் பெட்டி கட்டுகிறேன், எரிந்த காயிலை (ஸ்பீக்கரை ஆட்டும் கம்பிச் சுருளை) பிரித்துப் பார்க்கிறேன். ட்வீட்டர் வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் சறுக்கிய இடம் இதுதான்.

முதலில் சத்தக் கணக்கை முடித்துவிடுவோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் இருந்து 16 மீட்டருக்குப் போவதற்குள் தூரம் நான்கு முறை இரட்டிப்பாகிறது, 24 டெசிபல் போய்விடுகிறது. எங்கள் முற்றத்தின் கடைசி வரிசை ஏறக்குறைய அவ்வளவு தூரம். திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலை மீறி அங்கே 95 டெசிபல் கேட்க வேண்டுமானால், பெட்டிக்கு 1 மீட்டர் முன்னால் 119 இருக்க வேண்டும்.

வீட்டு ஸ்பீக்கர்களில் வரும் பட்டு டோம் ட்வீட்டர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் சுமார் 90 டெசிபல் தரும். 119-ஐத் தொட அதற்கு ஏறத்தாழ 800 வாட் வேண்டும். அந்த 25 மில்லிமீட்டர் காயில் அதைத் தாங்காது, கருகிவிடும். ஹார்னில் பூட்டிய கம்ப்ரஷன் டிரைவரோ (சத்தத்தைச் சின்ன வாய் வழியாக அழுத்தி ஹார்னுக்குள் தள்ளும் யூனிட்) 108 தருகிறது. அதே 119-க்கு 13 வாட் போதும். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க டோம் போல இதமானது எனக்கு வேறில்லை. முற்றத்துக்கு அது ஆகாது.

பீசோவை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க மனம் வரவில்லை. என் முதல் பெட்டியில் இருந்தது அதுதான். அதில் காயிலும் இல்லை, காந்தமும் இல்லை. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீங்கான் வில்லை ஒன்று சின்னக் கூம்பை ஆட்டுகிறது, அவ்வளவுதான். மோட்டரோலா அதைப் பரப்பிய நாளிலிருந்து "கிராஸ்ஓவரே வேண்டாம், நேரா மாட்டு" என்ற பேச்சும் கூடவே வருகிறது (கிராஸ்ஓவர் என்பது கீழ்ச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் சுற்று). ஆம்ப்புக்கு அது ஒரு கண்டென்சர் போலத்தான் தெரியும், கீழ்ச் சத்தத்தில் அது மின்னோட்டமே இழுக்காது. அதனால் அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் நான்கைந்தை இணையாக மாட்டினால் அந்தக் கண்டென்சர் சுமையும் சேர்ந்து ஏறும். சில ஆம்ப்புகள் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாக ஊசலாடி, ஏன் சூடாகிறது என்றே தெரியாமல் சூடாகும். ஒவ்வொரு பீசோவுக்கும் தொடராக 20 முதல் 30 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் அடங்கும். சத்தம் என்று பார்த்தால் 90-ஐத் தாண்டிச் சில டெசிபல். 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் இல்லை. மேலே இருப்பதும் தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்கும். அறிவிப்புக்குச் சரி, பாட்டுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி புல்லட்டுக்கும் ஹார்னுக்கும்தான்.

புல்லட்டைப் பார்த்தாலே இளைஞர்களுக்கு ஆசை வந்துவிடும். பளபளக்கும் உலோகக் கிண்ணம், நடுவில் தோட்டா போல ஒரு முனை. உள்ளே வளையம் போன்ற டயாபிரம் (சத்தத்தை உண்டாக்கும் மெல்லிய தகடு) அசைகிறது, சத்தம் முனையைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக வெளியே வருகிறது. 105 முதல் 110 டெசிபல் வரை சாதாரணமாகத் தரும். கடையில் மாட்டி ஒரு பாட்டுப் போட்டால் சலங்கையும் ஜால்ராவும் காதைத் துளைக்கும், உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடுவோம்.

கடையில் தெரியாத குறை முற்றத்தில் தெரியும். இப்போது விற்கும் புல்லட்டுகளில் பெரும்பாலானவை 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் பாதுகாப்பாக வேலை செய்யும். 15 அங்குல ஸ்பீக்கரின் கூம்போ ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் அகலம். 1 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அலை கூம்பை விடச் சிறியதாக ஆக ஆக, சத்தம் டார்ச் லைட் வெளிச்சம் போல நேரே குவிந்துவிடும். அப்படியானால் 1,500-க்கும் 5,000-க்கும் நடுவில் இருப்பதையெல்லாம் யார் பாடுவது? அந்தப் பெரிய கூம்புதான் திணறிக்கொண்டு பாடுகிறது, அதுவும் நேர் எதிரே நிற்பவருக்கு மட்டும். ஓரமாக நிற்கும் அம்மாக்களுக்குக் கீழே ஒரு தும்தும், மேலே ஒரு சிஸ்சிஸ், நடுவில் ஒன்றுமில்லை.

அந்த நடுப்பகுதியில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையில். பேச்சில் 'ட'வும் 'ற'வும் 'ச'வும் தனித்தனியாக விளங்குவது அங்கேதான். நாதஸ்வரத்தின் கூர்மை, கூடு மாட்டிய விரல் தவிலின் வலந்தலையில் விழும் வெடிப்பு, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளை காணாமல் போய் மைக்கில் பெயர் சொல்லும்போது அந்தப் பெயர் புரியாமல் போனால், மேலே எத்தனை சலங்கை கேட்டு என்ன?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். புல்லட் என்றாலே மேல் சத்தம் மட்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1950-களில் வந்த ஜேபிஎல் 075 வளைய டயாபிரம் வகைதான். அதை 15 அங்குல டி130-உடன் 2,500 ஹெர்ட்ஸில் பிரித்து அந்த நிறுவனமே விற்றது. ஆனால் அது வீட்டு அறையில் வைத்துக் கேட்கும் பெட்டி. நாம் தெருவில் செய்வது வேறு வேலை.

சரி, ஹார்னுக்கு வருவோம். 1 அங்குல வாய், 44 மில்லிமீட்டர் காயில் உள்ள கம்ப்ரஷன் டிரைவர்தான் என் பெட்டிகளுக்கெல்லாம் அளவுகோல். பி அண்ட் சி நிறுவனத்தின் டிஇ250 இந்த வகையில் பலரும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒன்று: 108 டெசிபலை ஒட்டி, 1.6 கிலோஹெர்ட்ஸிலிருந்து வேலை. செலினியம் டி220, தாய்லாந்துத் தயாரிப்பான பி ஆடியோ போன்றவற்றிலும் இதே அளவு யூனிட்டுகள் உண்டு. 1.6-இல் பிரித்தால் 15 அங்குலக் கூம்பு அதிகமாகக் குவியத் தொடங்குவதற்குள் ஹார்ன் பொறுப்பை வாங்கிக்கொள்ளும். நடுவில் ஓட்டை விழாது.

இதற்கு மேல் பெரிய யூனிட் தேவையா என்று தம்பி கேட்டார். 1.4 அங்குல வாயும் 75 மில்லிமீட்டர் டயாபிரமும் உள்ளவை 1 கிலோஹெர்ட்ஸுக்கே இறங்கும். மைதானக் கச்சேரிக்கு நல்லது. எடையும் விலையும் ஏறும், பெரிய டயாபிரம் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் மங்கும். எங்கள் முற்றத்துக்கு அது வேண்டாம்.

டிரைவருக்குச் செலவழித்துவிட்டு ஹார்னில் மிச்சம் பிடிப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. 90 டிகிரி பரப்பும் ஹார்ன் 1.6 கிலோஹெர்ட்ஸ் வரை அந்தப் பரப்பைக் காப்பாற்ற வேண்டுமானால், அதன் வாய் 17 சென்டிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஹார்ன் சுமார் 2.8-க்குக் கீழே பிடியை விட்டுவிடும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்புறம், 108 டெசிபல் டிரைவரை 97 டெசிபல் 15 அங்குலத்தோடு சேர்த்தால் 11 டெசிபல் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். அது மிச்சம் இல்லை. எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அகலத்துக்குப் பரப்பும் ஹார்னில், டயாபிரத்தின் எடை காரணமாக 3, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 6 டெசிபல் வீதம் இறங்கிக்கொண்டே போகும். 15-ஐ எட்டும்போது 12 டெசிபல் வரை போயிருக்கும். அந்த 11-ஐ அங்கே திருப்பிக் கொடுக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்: நடுச் சத்தத்தைக் குறைத்து, மேல் சத்தத்தை அப்படியே விடும் கிராஸ்ஓவர்.

டயாபிரம் டைட்டானியமா, பாலிமரா? டைட்டானியம் பளிச்சென்று இருக்கும், மேலே கொஞ்சம் மணி போல ஒலிக்கும், வருடக்கணக்கில் அடிபட்டால் விரிசல் விழும். பாலிமர் மென்மை, நாதஸ்வரத்துக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். நாதஸ்வரம் தானாகவே போதுமான அளவு கூர்மையானது, அதற்கு இன்னும் கூர்மை சீவ வேண்டியதில்லை.

ரிப்பன் வகையைச் சேர்க்கவே இல்லை. காற்றில் ஆடும் அலுமினியத் துண்டை வெளி நிகழ்ச்சிக்கு எடுத்துப் போக எனக்குத் தைரியம் கிடையாது. ஆஸ்கர் ஹெய்ல் கண்டுபிடித்த மடிப்பு டயாபிரம் ட்வீட்டர், ஏஎம்டி என்பார்கள், அழகான சத்தம். பெய்மா நிறுவனம் மேடைக்கென்றே செய்யும் டிபிஎல்-150 சுமார் 100 டெசிபல் தருகிறது. ஆனால் பீலிக்கான் கோயில் தீமிதி மாதிரி இடத்தில் பறக்கும் சாம்பலையும், சாம்பிராணிப் புகையையும், ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மோல்மேன் நகரத்து ஈரத்தையும் அந்த மெல்லிய மடிப்புகளுக்குள் விட எனக்கு மனமில்லை. மூடிய கம்ப்ரஷன் டிரைவர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் எந்த டிரைவரையும் கொல்லக்கூடியது ஒன்று நம் ஊரில் இருக்கிறது: கரண்ட். சில வருடத்துக்கு முன், பகோ பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாமி புறப்பாடு நேரத்தில் விளக்கெல்லாம் ஏற்றியதும் 230 வோல்ட் 180-க்கு இறங்கிவிட்டது. பழைய மாடல் டிரான்ஸ்பார்மர் ஆம்ப்பில் வோல்ட் இப்படி இறங்கினால், அது தரக்கூடிய வாட் 100-க்கு 61 ஆகச் சுருங்கும். சத்தம் குறைந்ததாகப் பட்டு நான் வால்யூமை ஏற்றினேன். ஆம்ப் அலையின் தலையை வெட்டத் தொடங்கியது. வெட்டுப்பட்ட அலையில் மேல் சத்தத்தின் பங்கு கூடும், அது முழுக்க ட்வீட்டருக்குத்தான் போகும். அரோகரா சத்தத்துக்கு நடுவே இரண்டு பெட்டியின் ஹார்னும் ஊமையாகிவிட்டன. சாமி தெருமுனை திரும்பும் வரை நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. இன்று நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது. அதிலிருந்து ஆம்ப்புக்கு முன்னால் வோல்ட் மீட்டர் இல்லாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை.

இன்னொன்று, தெருவெல்லாம் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று, அதாவது கரண்ட் வந்துவிட்டது என்று, கத்தும் நேரம். கரண்ட் வந்த சந்தோஷத்தில் ஜெனரேட்டரிலிருந்து மாற்றும்போது ஆம்ப் ஒரு 'தொப்' போடும். ஹார்னுக்குத் தனி ஆம்ப் வைத்து நேராக மாட்டியிருந்தால் அந்த ஒரு தொப் டயாபிரத்தை உடைத்துவிடும். 8 ஓம் டிரைவருக்குத் தொடராக 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று போட்டால் சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதைத் தடுத்துக்கொள்ளும், 1.6-க்கு மேலுள்ள பாட்டைத் தொடாது. அதே காரணத்தால்தான் "கொஞ்சம் கீழே இறக்கிப் பிரிப்போமே" என்பவர்களுக்கு நான் சம்மதிப்பதில்லை. அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் இறங்கினால் டயாபிரம் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும்.

இப்போது வாங்கியிருப்பது இதுதான்: ஒரு பெட்டிக்கு 44 மில்லிமீட்டர் பாலிமர் டயாபிரம் டிரைவர் ஒன்று, 22 சென்டிமீட்டர் வாயுள்ள 90-க்கு 60 டிகிரி ஹார்ன், 1.6-இல் பிரிப்பு, மாற்று டயாபிரம் இரண்டு பையில். தம்பிக்குப் புல்லட் ஆசை விடவில்லை. பெட்டிக்கு ஒன்று, 4 ஓம் வகை, 5.6 மைக்ரோஃபாரட் கண்டென்சரோடு 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் பாட வைத்துச் சேர்த்துக்கொடுத்தேன். ஹார்ன் இறங்கும் இடத்தில் அது நன்றாகவே கைகொடுக்கிறது. பழைய பெட்டியில் இருந்த நான்கு பீசோவும், ரெசிஸ்டர் போட்டு, செருப்பு விடும் இடத்து அறிவிப்பு ஸ்பீக்கரில் இருக்கின்றன.