வால்வு ஆபரேஷன் 'பேக்கேஜ்' என்ற பேரில் 3,20,000 ரூபாய் போச்சு, உஷார்!

நேற்றுதான் அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்தோம். உயிர் பிழைத்துவிட்டார். ஆபரேஷன் செய்த டாக்டர் மேல் ஒரு குறையும் இல்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் கீழ்த்தளத்தில் பேக்கேஜ் பேசுகிறவர்கள் மேல்தான்.

அவருக்கு இதயத்தின் அயோர்டிக் வால்வில் கிருமித்தொற்று. விடாத காய்ச்சல், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் வால்வை ஒட்டிச் சீழ்க்கட்டி. வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். ஊரறிந்த பெரிய தனியார் மருத்துவமனை. கவுன்சலிங் அறையில் இருந்த பெண், அழுதுகொண்டிருந்த அண்ணிக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அப்புறம் ஒரு தாளில் 4,75,000 என்று எழுதி, பச்சைப் பேனாவால் வட்டம் போட்டார். "இதுக்கு மேல ஒரு பைசா வராது மேடம், எல்லாம் இதுலயே அடக்கம்." அதை நம்பித்தான் அண்ணி நகையைக் கழற்றிக் கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு மறுநாள் நாடித்துடிப்பு 36க்கு இறங்கிவிட்டது. அந்தக் கட்டியை ஒட்டித்தான் இதயத்தின் மின்பாதை போகிறது. அது கெட்டுப்போனதால், துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தார்கள். சிறுநீரகமும் தடுமாறி டயாலிசிஸ் வரை போனது. கடைசி பில்லில் கூடுதலாக 3,20,000! "பேக்கேஜ் பத்து நாளைக்குத்தான், சிக்கல் வந்தா தனி" என்கிறார்கள்.

இந்த நோய்க்கு ஊசி வழியாக ஆன்டிபயாடிக் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஏற்ற வேண்டும். அது முதல் நாளே தெரிந்த விஷயம். பிறகு எதற்குப் பத்து நாள் பேக்கேஜ்? ஆபரேஷனுக்கு முந்தைய இ.சி.ஜி.யிலேயே மின்பாதை தாமதமாவது தெரிந்து, பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியே வைத்திருக்கிறார். தொற்று இல்லாதவர்களுக்கான சாதா வால்வு பேக்கேஜைத்தான் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பில்லிங்கில் கேட்டால் இன்சூரன்ஸ் டெஸ்க்கைக் காட்டுகிறார்கள். அங்கே போனால், "மெயில் போடுங்க." டாக்டரோ, "பண விஷயம் நான் பார்க்கிறதில்லைம்மா." மேனேஜர் மீட்டிங்கில். பச்சைப் பேனா அம்மா லீவாம்! 3,20,000 கட்டி முடித்த பிறகுதான் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. தொற்று வால்வு என்றால் எத்தனை வாரம், பேஸ்மேக்கர், டயாலிசிஸ், ரத்தக்கசிவுக்காக மறுபடி திறந்தால் எவ்வளவு, எல்லாவற்றையும் எழுத்தில், சீலோடு வாங்குங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதலிலேயே நீட்டுங்கள். வால்வு மாற்றியவர்கள், மறுபடி தொற்று வராமலிருக்க, பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

மருத்துவமனை பெயரைக் கேட்காதீர்கள். பேஸ்மேக்கர் செக்கப்புக்கு அடுத்த வாரம் அங்கேதான் போயாக வேண்டும்.