எட்டு மாதம் சுற்றிப் பார்த்த சுழல் மின்முனை

மேலூர்ப் பக்கம் எங்கள் சித்தப்பாவின் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். "ஏந்தாயி, தண்ணிக்குள்ள நிக்கிற குழாய் நல்லாத்தான இருக்கு. சுத்துற சக்கரம் மட்டும் ஏன் இப்படி ஆயிப்போச்சு?" என்றார். வார்ப்பிரும்பு இம்பெல்லரின் விளிம்பு முழுவதும் எலி கடித்த மாதிரி இருந்தது. மதுரைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன், உலோக அரிப்புதான் என் ஆராய்ச்சி. ஆனால் அதுவரை எல்லா அளவீடும் பீக்கரில் அசையாமல் நிற்கிற தண்ணீரில்தான். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

துறைப் பணத்தில் சுழல் சிலிண்டர் மின்முனை, அதாவது உலோகத்தைத் தண்ணீருக்குள் சுற்றவிட்டு அரிப்பை அளக்கும் கருவி, வாங்கியது அதற்குப் பிறகுதான். வெளிநாட்டுக் கருவிக்குக் கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு, உள்நாட்டுத் தயாரிப்பு. பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

மேலே ஒரு மோட்டார், அதிலிருந்து இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் 12 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. உயரமும் உள்ள இரும்புத் துண்டு. மேலும் கீழும் டெஃப்லான் மூடி, பக்கவாட்டு மட்டும் தண்ணீரில் படும். மூன்று சதுர செ.மீ. பரப்பு. மோட்டார் சுற்றும்போதே, மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் என்ற கருவி மின்னோட்டத்தை அளக்கும். உப்புத் தண்ணீரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பது பெரும்பாலும் ஆக்சிஜன் வந்து சேரும் வேகத்தைப் பொறுத்தது. பாலில் ஏடு படிந்த மாதிரி உலோகத்தை ஒட்டி அசையாத ஒரு தண்ணீர்ப் படலம் இருக்கும். ஆக்சிஜன் அதைக் கடந்து வர வேண்டும். சுற்றச் சுற்ற ஏடு மெலியும், ஆக்சிஜன் தாராளமாக வரும், அரிப்பு ஏறும். சித்தப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இது. மீதிப் பாதி, பம்புக்குள் குமிழ்கள் வெடித்து உலோகத்தைப் பெயர்ப்பது. அதை இந்தக் கருவி காட்டாது.

சிலிண்டருக்குப் பதில் தண்டின் நுனியில் மாட்டும் தட்டையான வட்டு மின்முனையும் கூடவே தந்தார்கள். முதல் நாளே கருவியைச் சோதிக்க அதுதான் நல்லது. 1942-இல் லெவிச் என்ற சோவியத் விஞ்ஞானி போட்ட கணக்குப்படி, எல்லை மின்னோட்டம் (வினைப்பொருள் வந்து சேரும் வேகம் அனுமதிக்கிற உச்ச மின்னோட்டம்) சுற்று வேகத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும். பிளாட்டினம் வட்டை ஃபெர்ரிசயனைடு கரைசலில் இறக்கி நிமிடத்துக்கு 400 சுற்றில் ஒரு தடவை, 1600 சுற்றில் ஒரு தடவை அளந்தேன். சரியாக இரண்டு மடங்கு வர வேண்டும், வந்தது. அன்று மாலை துறை முழுக்க ஜிகர்தண்டா, என் செலவு.

சிலிண்டருக்கு மாறியதும் வம்பு. வட்டில் ஓட்டம் சீரானது; சிலிண்டரிலோ 50 சுற்றிலேயே கொந்தளிப்பு வந்துவிடும். குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கு நெருக்கமானது அதுதான், அதற்காகத்தான் வாங்கினோம். ஆனால் திரையில் கோடு முள்வேலி மாதிரி வந்தது. கொந்தளிப்புதான் காரணம் என்று இரண்டு வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், சுற்றும் தண்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் கார்பன் பிரஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. கம்பெனிக்கு மூன்று மெயில், ஐந்து போன். "ஆள் வருவார் மேடம்" என்றார்கள். வரவில்லை.

புதூர் தொழிற்பேட்டையில் நமக்குப் பழக்கமான லேத் பட்டறை அண்ணனிடம் தண்டைக் கொண்டுபோனேன். நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். "இருபது டிவிஷன் ஆடுது மேடம். பிரஷ்ஷ குத்தம் சொல்லாதீங்க, தண்டு கோணல்" என்றார். ஒரு மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு! நிமிர்த்தி, நுனியைக் கடைந்து கொடுத்தார். கையோடு இருபது இரும்புச் சிலிண்டரும் அவரே செய்து தந்தார், கம்பெனி விலையில் கால்வாசிக்கும் குறைவு. கோடு அன்றிலிருந்து சுத்தம்.

அதன் பிறகு கருவி சொன்னபடி கேட்கிறது. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் மைல்டு ஸ்டீலின் அரிப்பு மின்னோட்டம், நின்றபோது சதுர செ.மீ.க்கு 12 மைக்ரோ ஆம்பியர். 1000 சுற்றில் 70. ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால் இரும்பில் வருடத்துக்கு 0.0116 மி.மீ. தேய்மானம். நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சிலிண்டரின் விளிம்பு வேகமும் குழாயில் ஓடும் வேகமும் ஒன்றாக இருந்தால் அரிப்பும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். சுவரில் விழும் உராய்வு விசையைச் சமப்படுத்தித்தான் ஒப்பிட வேண்டும்.

இலைச்சாற்றை அரிப்புத் தடுப்பானாகச் சோதிக்கிற கல்லூரிகள் நம் பக்கம் ஏராளம், நாங்களும்தான். என் மாணவி ஒருத்தியின் சாறு அசையாத அமிலத்தில் பிரமாதம். 1000 சுற்றில் வைத்ததும் பாதி பலன் போயிற்று. பிள்ளை முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், தேர்வாளர் கேட்பதற்கு முன்னால் நாமே பார்த்துவிட்டோமே. இந்தக் கருவியில் தடுப்பான் சோதிக்க, தர விதிமுறைகளை வெளியிடும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் ஜி185 என்று தனி வழிமுறையே இருக்கிறது, கூட வந்த கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கருவிக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், பராமரிப்புச் சேவைக்கு ஒன்று. வாங்குவதாக இருந்தால், பெட்டியைப் பிரித்த அன்றே தண்டை டயல் கேஜில் பார்த்துவிடுங்கள். பிரஷ் நாலு ஜோடியாவது ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாயால் இரண்டு ஜோடி கேட்டேன். பெட்டிக்குள் ஒன்றுதான் இருந்தது.